கால் எதற்கு என்று கேட்ட முதலாளி

(சபையின் ஆண்டு விழாவையொட்டி நடந்த குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



ஒரு நர்ஸைப் பேசக் கூப்பிட்டால் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, உப்பைக் குறையுங்கள் என்று பேசுவார் என எதிர்பார்ப்பீர்கள். அதைப் போன வருடமே பேசிவிட்டேன். அதற்குப் பிறகும் நம் ஐக்கிய விருந்தில் ஊறுகாய் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இந்த வருடம் வேறு காரியம். உடலிலோ, புலன்களிலோ, மனவளர்ச்சியிலோ குறைபாடு உள்ள ஒருவர் வேலை கேட்டு வரும்போது, வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள். முதலாவது, நம்மில் பலர் இன்று வேலை கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். மளிகைக் கடை வைத்திருக்கிறோம், துப்புரவு ஒப்பந்தம் எடுத்திருக்கிறோம், முதியோர் இல்லம் நடத்துகிறோம், கணினி நிறுவனத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குகிறோம், மருத்துவமனையில் ஒரு வார்டுக்குப் பொறுப்பாக இருக்கிறோம். லின்ஃபீல்டுக்கும் மவுண்ட் ராஸ்கிலுக்கும் இரண்டு பெட்டிகளோடு வந்திறங்கிய நாட்களில் நாம் எல்லோரும் மேசைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம். ‘நியூசிலாந்து அனுபவம் உண்டா?’ என்ற ஒரே கேள்வியில் நம் பத்து வருட அனுபவத்தை ஓரமாக வைத்தார்கள். நம் வேலையைப் பார்க்காமலே நம்மைப் பற்றி முடிவு செய்தால் எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது நம்மில் சிலர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம் நம் சபைப் பிள்ளைகள். அதைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 2023-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் ஆறு பேரில் ஒருவர், அதாவது சுமார் 8,51,000 பேர், ஏதோவொரு குறைபாட்டோடு வாழ்கிறார்கள். வேலை செய்யும் வயதில், குறைபாடு இல்லாதவர்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் வேலையில் இருக்கிறார்கள். குறைபாடு உள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய நான்கு பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் வேலை செய்ய முடியாதவர்களா? இல்லை. திராட்சைத் தோட்டத்து உவமையில் சாயங்காலம் வரை சந்தைவெளியில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. தங்களைக் கூப்பிட யாரும் வரவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

வேலூரில் நடந்தது

நான் செவிலியர் பயிற்சி பெற்றது வேலூரில். அங்கே பாகாயத்தில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்று இருக்கிறது. முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தவர்கள் அங்கே வந்து தங்கி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமாகவே மாறவும், படுக்கைப் புண் வராமல் உடலைக் காத்துக்கொள்ளவும், ஊருக்குத் திரும்பிப் பிழைக்கவும் கற்றுக்கொள்வார்கள். அந்த நிலையத்துக்கு டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

மேரி வர்கீஸ் 1925-இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே மருத்துவராக இருந்தார். 1954-இல் மருத்துவர்கள் சிலராகச் சேர்ந்து வெளியே போனபோது அவர்கள் சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. மேரிக்கு முகத்தில் பெரிய காயம். முதுகெலும்பிலும் அடி. அதன்பிறகு அவரால் நிற்கவோ நடக்கவோ முடியவில்லை. அறுவை மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்ட, முப்பது வயதுகூட ஆகாத பெண்.

அந்தக் காலத்தில் வேறு எந்த மருத்துவமனையாக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்? மிகுந்த வருத்தத்தோடு ஒரு வழியனுப்பு விழா நடத்தி, மாலை போட்டு, வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அன்பு இல்லாமல் அல்ல. அன்போடுதான் அனுப்பியிருப்பார்கள்.

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் மிஷனெரித் தம்பதியருக்குப் பிறந்தவர். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குக் கை அறுவை சிகிச்சை செய்வதில் உலகத்துக்கே முன்னோடி. தொழுநோய் கையின் நரம்பைத் தாக்கும்போது விரல்கள் கொக்கிபோல் வளைந்து நின்றுவிடும். முன்கையில் நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரலோடு இணைத்தால், அந்த விரல் மீண்டும் நீளும், மடங்கும். இந்த அறுவையில் ஒரு விசேஷம் உண்டு. நோயாளியின் கையை ஒரு சிறு மேசையில் நீட்டி வைத்து, மருத்துவர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

பிராண்ட் கவனித்தது அதைத்தான். மேரியால் நிற்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த வேலைக்கு நிற்கத் தேவையில்லை என்று பார்த்தவர் அவர். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். நடக்க முடியாத மருத்துவர், பிடிக்க முடியாத கைகளைச் சரிசெய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும், அடுத்து நியூயார்க்குக்கும் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் காலமானார்.

மேரி வர்கீஸின் மன உறுதியைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். அது உண்மை. ஆனால் இன்று நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது அவருடைய மேலதிகாரியின் பக்கம். ‘இவரால் என்ன முடியாது?’ என்று தொடங்கியிருந்தால் பட்டியல் நீண்டிருக்கும். ‘இந்த வேலைக்கு உண்மையில் என்ன வேண்டும்?’ என்று தொடங்கினார். இரண்டு கைகள், கூர்மையான கண்கள், படிப்பு, பொறுமை. அவை நான்கும் மேரியிடம் இருந்தன.

உள்ளே இருப்பவர், வெளியே நிற்பவர்

வேலூர்க் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. கை சரியான தொழுநோயாளிகள் சிலர் ஊருக்குப் போய்விட்டு, முகம் வாடித் திரும்பி வந்தார்கள். வளைந்த கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள், நிமிர்ந்த கையைப் பார்த்துப் பிச்சையும் போடவில்லை, வேலையும் கொடுக்கவில்லை. இந்தக் கைகளை வைத்துக்கொண்டு பிச்சைகூட எடுக்க முடியவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டதை டாக்டர் பிராண்டே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சை வெற்றி. ஆனால் அந்தக் கைக்கு வேலை தர ஆள் இல்லை. அதனால்தான் 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் சில குடிசைகள் போட்டு, அவர்களுக்குத் தச்சு வேலையும் மரப் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரே ஊர், ஒரே மருத்துவமனை. மேரிக்கு வழி கிடைத்தது, அந்த மனிதர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? மேரியை அங்குள்ளவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். அவர் வேலையைப் பார்த்திருந்தார்கள். வெளியே நின்றவர்களை யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதை நான் இங்கே ஆக்லாந்திலும் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் முதுகுவலி சாதாரணம். நோயாளியைத் தூக்கும்போது ஒரு நர்ஸின் முதுகு பிடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது? இந்த நாட்டில் 1974 முதல் ஏ.சி.சி. என்ற விபத்து இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சம்பளத்தில் ஒரு பகுதி வரும். மேலாளர் தொலைபேசியில் நலம் விசாரிப்பார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்பும் திட்டம் போடுவார்கள். முதல் வாரம் நான்கு மணி நேரம், பாரம் தூக்க வேண்டாம், மருந்து கொடுப்பதையும் பதிவேடு எழுதுவதையும் மட்டும் பாருங்கள் என்பார்கள். நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அதே முதுகுவலியோடு வெளியிலிருந்து ஒருவர் விண்ணப்பித்தால்? பாரம் தூக்க முடியாது என்று படிவத்தில் எழுதியிருந்தால்? அதே வார்டு, அதே வேலை, அதே முதுகு. உள்ளே இருப்பவருக்கு ஒரு திட்டம் போடுகிறோம். வெளியே நிற்பவருக்கு ஒரு வருத்தக் கடிதம் அனுப்புகிறோம். ஆக, வழி இல்லாமல் இல்லை. வழி செய்ய நமக்குத் தெரியும். யாருக்குச் செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

வெளியே நின்ற ஒருவருக்குக் கதவு திறந்ததை எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். என் தாய்மாமாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. தமிழில் எம்.ஏ. படித்தார். எத்தனையோ இடங்களில் வேலை கேட்டார். அவர் கைத்தடியோடு படியேறி வருவதற்குள் உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்துவிடுவார்கள் என்று ஆச்சி சொல்லுவார்கள். கடைசியில் திருநெல்வேலியில் ஓர் அச்சகம். அதன் முதலாளி மாமாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரு புரூஃபையும் பென்சிலையும் நீட்டி, “இதைத் திருத்துங்க தம்பி” என்றாராம். அரை மணி நேரம் கழித்துத் தாளை வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை, “மாடிப்படி ஏறி வரணுமே முதலாளி, கால் இப்படி இருக்கே” என்று இழுத்தார். முதலாளி, “பிழை திருத்தக் கால் எதுக்குவே? மேசையைக் கீழே இறக்கு” என்றார்.

அவ்வளவுதான். மேசை கீழே வந்தது. செலவு, மேசையைத் தூக்கிய இரண்டு பேருக்கு டீ. மாமா அந்த மேசையில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்தார். தங்கைகளைக் கரையேற்றினார். எங்கள் படிப்புக்கும் அந்த மேசையிலிருந்துதான் பணம் வந்தது. நான் இன்று உங்கள் முன் நிற்பதில் அதற்குப் பங்கு உண்டு.

அந்த முதலாளி எந்தச் சட்டமும் படித்தவர் அல்ல. ஆனால் செய்ய வேண்டிய மூன்றையும் செய்தார். பேச்சை வைத்து அல்லாமல் வேலையைக் கொடுத்துப் பார்த்தார். வேலைக்குத் தேவையானது எது, தேவையில்லாதது எது என்று பிரித்தார். தடையாக இருந்த மேசையை நகர்த்தினார்.

தனி இடம் என்ற பழைய யோசனை

இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியது 1890-இல். ஆக்லாந்தில் பார்வையற்றோருக்கான நிறுவனம் தொடங்கியதும் அதே 1890-இல்தான். இப்படிப்பட்ட இடங்கள் படிப்பைக் கொடுத்தன, கைத்தொழிலைக் கொடுத்தன. அதற்கு நாம் நன்றியோடு இருக்க வேண்டும்.

ஆக்லாந்து நிறுவனத்தை 1923 முதல் நடத்தியவர் கிளத்தா மெக்கன்சி. 1915-இல் கல்லிப்போலிப் போர்முனையில் இருபது வயதில் இரண்டு கண்களையும் இழந்தவர். 1921-இல் ஆக்லாந்து ஈஸ்ட் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்து, போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக டேராடூனில் மறுவாழ்வு இல்லம் நடத்தினார். கண் தெரியாத ஒருவரிடம் ஒரு நிறுவனத்தையே ஒப்படைக்கலாம் என்று இந்த ஊர் நூறு வருடங்களுக்கு முன்பே கண்டிருக்கிறது.

ஆனாலும் பொதுவான எண்ணம் வேறாக இருந்தது. இவர்களுக்குத் தனிப் பட்டறை, தனிக் கூலி என்பதே அது. 1960-இல் வந்த ஒரு சட்டம், குறைபாடு உள்ளவர்களுக்கான தனிப் பட்டறைகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. அந்தச் சட்டம் 2007-இல்தான் நீக்கப்பட்டது. 1983-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும், ஊழியரின் குறைபாட்டைக் காரணம் காட்டித் தனிப்பட்ட முறையில் குறைந்த கூலிக்கு அனுமதி பெறும் பிரிவு ஒன்று உண்டு. இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: சும்மா இருப்பதற்கு இதாவது மேல் என்று நம் பிள்ளைக்கு நாம் சொல்லுவோமா என்று கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மறுபக்கம், 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம், குறைபாட்டைக் காரணமாக வைத்து வேலை மறுப்பதைத் தடை செய்கிறது. நியாயமாகச் செய்யக்கூடிய வசதிகளைச் செய்துகொடுக்கவும் சொல்லுகிறது. இந்தியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் 3 சதவீத இடம் ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 சதவீதம் ஆக்கியது. சட்டம் கதவைப் பூட்டக் கூடாது என்று சொல்லும். உள்ளே வாருங்கள் என்று மனதாரக் கூப்பிடுவது மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலாளிகளின் பயங்கள்

வேலை கொடுப்பவர்களை நான் பொல்லாதவர்களாக நினைக்கவில்லை. அவர்களுடைய பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

‘அடிக்கடி லீவு போடுவார், விபத்து நேரும்.’ அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் தன்னிடம் வேலை பார்த்த குறைபாடுள்ள ஊழியர்களைப் பற்றி 1958 முதல் 1990 வரை பலமுறை ஆய்வு செய்தது. வேலைத்திறன், வருகை, பாதுகாப்பு மூன்றிலும் பெரும்பாலானவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தார்கள். இரசாயனம் தயாரிக்கும் நிறுவனம் அது. பாதுகாப்பில் சமாதானம் செய்துகொள்ளும் இடம் அல்ல.

‘செலவு ஆகும்.’ அமெரிக்காவில் முதலாளிகளிடம் பல வருடங்களாகக் கேட்டு வருகிறார்கள். செய்துகொடுத்த வசதிகளில் ஏறக்குறைய பாதிக்குச் செலவே இல்லை. வேலை நேரத்தை மாற்றுவது, வாய்வழியாகச் சொல்வதை எழுதிக் கொடுப்பது, மேசையை இடம் மாற்றுவது போன்றவைதான். கருவி வாங்க வேண்டியிருந்தாலும் இந்த நாட்டில் அதற்கு அரசு உதவி உண்டு. சமூக மேம்பாட்டு அமைச்சையோ, வொர்க்பிரிட்ஜ் நிறுவனத்தையோ கேட்டால் வழி சொல்லுவார்கள். காது மந்தமான செவிலியர் பயன்படுத்த ஒலியைப் பெருக்கும் ஸ்டெதஸ்கோப்புகூட இருக்கிறது. அதை வைத்து நோயாளியின் நெஞ்சைப் பரிசோதிக்கும் ஒருவரோடு நான் வேலை செய்திருக்கிறேன். வார்டின் இரைச்சலில் எங்களுக்குத் தப்பும் சத்தம் அவருக்குத் தப்பாது.

‘சரிவராவிட்டால் எப்படி நிறுத்துவது?’ இதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆனால் மனதில் உள்ள பெரிய பயம் இதுதான். பதில் எளிது. மற்ற ஊழியருக்கு எப்படியோ அப்படியே. எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லுங்கள், தேவையான வசதியைக் கொடுங்கள், குறை இருந்தால் நேரில் சொல்லுங்கள், திருந்த நேரம் கொடுங்கள். பாவம் என்று சொல்லித் தவறைச் சுட்டிக்காட்டாமல் விடுவதும் அவமதிப்புதான்.

‘வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள்?’ நாம் முதன்முதலில் கவுண்டரில் நின்றபோது நம் உச்சரிப்பைக் கேட்டு வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் யாரோ யோசித்திருப்பார்கள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

இந்த இடத்தில் நான் முன்பு சொன்ன இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் பாட்டு வரிகளைத் திரையில் போடுகிற தம்பியை உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஆட்டிசம் உண்டு. “பேரை மட்டும் போடாதீங்க அக்கா, மத்தது சொல்லுங்க” என்று அவரே அனுமதி கொடுத்தார். மூன்று வருடமாக ஒரு சரணம் தவறியதில்லை. பாடகர் குழு திடீரென்று பல்லவிக்குத் திரும்பினாலும் அவர் விரல் முந்திக்கொள்ளும். இவர் நாற்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டார். ஆறு இடங்களில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் இவர் தரையைப் பார்ப்பார். கண்ணைப் பார்த்துப் பேசாதவரிடம் தன்னம்பிக்கை இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். பொருள்களை எண்ணி அடுக்குகிற கிடங்கு வேலைக்கு அது எதற்கு? யாராவது ஓர் அரை நாள் கிடங்குக்குள் விட்டுப் பார்த்திருந்தால், நேர்காணல் எதையும் காட்டவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சபைக்கு மூன்று விண்ணப்பங்கள்

வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: அடுத்த முறை விளம்பரம் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் நிறுத்திக் கேளுங்கள். ‘முழு ஓட்டுநர் உரிமம் அவசியம்’ என்று பழக்கத்தில் போட்டுவிடுகிறோம். வண்டியே ஓட்டாத வேலைக்கும் போடுகிறோம். அந்த ஒரு வரியால் பார்வைக் குறைவு உள்ளவரும் வலிப்பு நோய் உள்ளவரும் விண்ணப்பிக்காமலே திரும்பிப் போகிறார்கள். ரிச்சர்ட்சன் ரோட்டில் பஸ் ஓடுகிறது. நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதாதா? நேர்காணலோடு நிறுத்தாமல் வேலையைச் செய்து காட்டவும் சந்தர்ப்பம் கொடுங்கள். அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.

மற்ற எல்லோருக்கும்: சாட்சி சொல்ல முன்வாருங்கள். இந்த நாட்டில் வேலைக்குப் போகிறவரைத் தெரிந்தவர் இரண்டு பேரின் பெயரைக் கேட்பார்கள். வேலையே செய்யாதவர் யார் பெயரைக் கொடுப்பார்? வெளியே நிற்பவரை யாருக்கும் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? நமக்குத் தெரியும். மூன்று வருடம் நேரம் தவறாமல் வந்தார், சொன்னதைச் செய்தார், பணப்பெட்டி பக்கத்தில் இருந்தாலும் நம்பலாம் என்று சொல்ல நம்மால் முடியும். அது பொய்யில்லாத, விலையுயர்ந்த உதவி.

பெற்றோருக்கு: இதை ஒரு தாயாகவும் சொல்கிறேன். நம் சமுதாயத்தில் இப்படிப்பட்ட பிள்ளையை விருந்தாளி வரும்போது உள்ளறையில் இருக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் முழுவதும் போகவில்லை. ‘அவனால் முடியாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அன்பினால் சொல்கிறோம். நமக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இரவில் தூக்கமில்லாமல் யோசிப்பதும் நாம்தான். சின்ன வேலையானாலும் அவர்கள் கையில் கொடுத்துப் பழக்குங்கள். சபையில் நாற்காலி அடுக்குவது, தேநீர் ஊற்றுவது, வாசலில் நின்று வரவேற்பது எதுவானாலும் சரி. பிள்ளையின் முதல் முதலாளி வீடும் சபையும்தான்.

பிள்ளைகளே, இது உங்களுக்கு

நியூசிலாந்தில் வாங்கனுய் என்ற ஊரில் 1957-இல் ராபர்ட் மார்ட்டின் என்று ஒரு குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே மூளையில் காயம். கற்றுக்கொள்வது கடினம் என்று சொல்லி, நடைபழகும் வயதிலேயே வீட்டைவிட்டுத் தூரமாக ஒரு பெரிய காப்பகத்தில் விட்டுவிட்டார்கள். இவனால் எதுவும் ஆகாது என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து, தன்னைப்போன்றவர்களுக்காகப் பேச ஆரம்பித்தார். குறைபாடு உள்ளவர்களின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை ஓர் உடன்படிக்கை எழுதியபோது அங்கே போய்ப் பேசினார். 2016-இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழுவுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவர் அப்படித் தேர்வானது உலகத்தில் அதுவே முதல்முறை. 2020-இல் சர் பட்டம் பெற்றார். 2024-இல் இறந்துபோனார்.

நம்ம சென்னையில் பெனோ செஃபின் என்று ஒரு அக்கா. பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருளை வைத்துப் படித்து, வங்கி அதிகாரியானார். பிறகு 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுவதும் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணியில் சேர்ந்தது அதுவே முதல்முறை.

வேதத்தில் மோசேயின் கதை உங்களுக்குத் தெரியும். தனக்குப் பேச்சு சரியாக வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று கெஞ்சினார். கர்த்தர் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. பேசுவதற்கு ஆரோனைத் துணையாகக் கொடுத்து, மோசேயைத்தான் அனுப்பினார்.

உங்கள் வகுப்பிலும் மெதுவாகப் படிக்கிற, காதுக் கருவி வைத்திருக்கிற, சக்கர நாற்காலியில் வருகிற நண்பர் இருப்பார். குழுவாகச் செய்யும் வேலையில் அவரைச் சும்மா உட்காரவைத்துவிட்டு நீங்களே முடித்துவிடாதீர்கள். இதில் உனக்கு எது நன்றாக வரும் என்று கேளுங்கள். வண்ணம் தீட்டுவதா, கணக்குப் போடுவதா, யோசனை சொல்வதா? அந்தப் பகுதியை அவருக்கே விட்டுவிடுங்கள். இன்னும் இருபது வருடத்தில் உங்களில் சிலர் கடை வைப்பீர்கள், சிலர் மருத்துவமனை நடத்துவீர்கள், சிலர் மேலாளராக இருப்பீர்கள். இப்போது இப்படிக் கேட்டுப் பழகினால் அப்போதும் தானாகவே கேட்பீர்கள்.

அன்பானவர்களே, நேரம் கடந்துவிட்டது, சாப்பாட்டு வாசனையும் வருகிறது. கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். இரண்டு பக்கம் கோடு போட்டிருக்கிறேன். இடப்பக்கத்தில், வேலை தேடும் பிள்ளைகள் தங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதலாம். குறைபாட்டை அல்ல, வேலையை எழுதுங்கள். வலப்பக்கத்தில், சாட்சி சொல்லவோ, அரை நாள் வேலை கொடுத்துப் பார்க்கவோ மனமுள்ளவர்கள் தங்கள் பெயரை எழுதலாம். அடுத்த மாதம் மூப்பர்களோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பார்க்கலாம் என்று போதகர் ஐயா சொல்லியிருக்கிறார்கள். வலப்பக்கம் காலியாக இருக்க விடாதீர்கள்.

தேவன் தாமே நம் குடும்பங்களையும், நம் கைகளின் வேலைகளையும், இந்தச் சபையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.